அம்மாவுக்கு ஒரு கடவாய்ப் பல்: இம்பிளான்ட்டா, பிரிட்ஜா?

செண்பகவல்லி_கோவில்பட்டி:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயசு, 8 வருஷமா சுகர். கீழ்த்தாடையில இடது பக்கக் கடவாய்ப் பல் ஒண்ணை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பிடுங்கினாங்க. ஒரு பல்லுதானேன்னு அப்படியே விட்டுட்டோம். இப்ப எல்லாத்தையும் வலது பக்கமே மெல்லுறாங்க. முந்தாநாள் பேத்தி கொடுத்த கடலைமிட்டாயை அம்மியில தட்டித் தூளாக்கி வாயில போட்டுக்கிட்டாங்க. இந்த ஊர்லயே பிறந்து வளர்ந்தவங்க. எனக்கு மனசு கேக்கல.

ரெண்டு டாக்டர்கிட்ட காட்டினோம். ஒருத்தர், தாடை எலும்புல ஸ்குரூ பதிச்சு அதுமேல பல் வைக்கிற இம்பிளான்ட், 35,000 ஆகும்ங்கிறார். இன்னொருத்தர், பக்கத்துப் பல் ரெண்டையும் ராவி, அதுங்களையும் காலி இடத்தையும் சேர்த்து மூடுற மாதிரி பிரிட்ஜ் போட்டா ரெண்டு வாரத்துல வேலை முடிஞ்சிரும்ங்கிறார். அம்மாவுக்கு "எலும்புல இரும்பு ஸ்குரூவா"ன்னு பயம். கழட்டி மாட்டுற பல் செட் வேண்டவே வேண்டாமாம். என்ன செய்யலாம்?

பொன்னுச்சாமி58:
இரும்பு இல்லைம்மா, டைட்டானியம். ஸ்வீடன்ல பிரோனமார்க்னு ஒரு டாக்டர், முயலோட கால் எலும்புல டைட்டானியக் கருவி வெச்சு ஆராய்ச்சி பண்ணிட்டு, கடைசியில அதை எடுக்கப் பார்த்திருக்கார். வரல. எலும்பு அதோட ஒட்டி வளர்ந்திருச்சு. 1965லயே மனுஷங்களுக்கு வெச்சுட்டாங்க. அம்மாகிட்ட இதைச் சொல்லுங்க.

எனக்குப் போன ஆவணியில வெச்சாங்க. மரத்துப்போற ஊசி போட்டதால வலி தெரியல, தாடை அதிர்றது மட்டும் காதுக்குள்ள கேட்டுது. ஈறுல சட்டைப் பட்டன் கணக்கா ஒரு சின்ன மூடி. நாலு மாசம் அதோட இருந்தேன், எலும்பு பிடிச்ச பிறகுதான் கேப், அதாவது மேல தெரியுற பல். எனக்கும் சுகர் உண்டு. எச்பிஏ1சி, அதான் ரெண்டு மூணு மாசச் சராசரி சுகரைக் காட்டுற ரத்த டெஸ்ட், 9.1 இருந்தப்ப டாக்டர் கை வைக்கவே மாட்டேன்னுட்டார். 7.2க்கு வந்த பிறகுதான் வெச்சார். சுகர் ஏறிக் கிடந்தா புண் ஆறுறதும் கஷ்டம், எலும்பு பிடிக்கிறதும் கஷ்டம். அம்மாவுக்கு எவ்வளவுன்னு பார்த்தீங்களா?

பல்லேப்_மீனா:
நான் டாக்டர் இல்ல, லேப்ல 14 வருஷமா கேப், பிரிட்ஜ் செய்யறவ. பிரிட்ஜுக்காக ராவின பல்லோட அச்சு தினமும் என் கைக்கு வருது. சொத்தையே இல்லாத பல்லை முளைக்குச்சி மாதிரி ராவியிருக்கிறதைப் பார்த்தா எனக்குத் தாங்காது. எனாமல் திரும்ப வளராது. ஆனா பக்கத்துப் பல்லுக்கு ஏற்கெனவே ரூட் கெனால் ஆகி, எப்படியும் கேப் போடணும்னா பிரிட்ஜ் நல்ல முடிவுதான். அதனால அந்த ரெண்டு பல்லும் எப்படி இருக்குன்னு கேளுங்க.

ரெண்டு வருஷம் காலியா கிடந்த இடம். எலும்பு வத்தியிருக்கும், மேல்பல் கீழ இறங்கியிருக்கலாம். இறங்கியிருந்தா கேப் வைக்க உயரமே கிடைக்காது. கீழ்த்தாடை நரம்பும் அதுக்கு அடியிலதான் ஓடுது, அதனால தாடை எலும்பை முப்பரிமாணத்துல காட்டுற சிபிசிடி ஸ்கேன் பார்க்காம சம்மதிக்காதீங்க.

இன்னொண்ணு. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ, வருஷம் ஒரு ஊசியோ அம்மா போடுறாங்களா?

செண்பகவல்லி_கோவில்பட்டி:
ஆமா அக்கா! மணிக்கட்டு உடைஞ்சப்ப எழுதிக் கொடுத்தது. ஞாயித்துக்கிழமை காலையில வெறும் வயித்துல ஒரு டம்ளர் தண்ணியோட முழுங்கிட்டு, அரைமணி நேரம் படுக்காம திண்ணையில உக்காந்திருப்பாங்க. ரெண்டு டாக்டர்கிட்டயும் இதைச் சொல்லவே இல்ல. பல்லுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு இருந்துட்டோம்.

பல்லேப்_மீனா:
அந்த மாத்திரை போடுறவங்களுக்குத் தாடை எலும்புல கை வெச்சா, அபூர்வமா சிலருக்கு அந்த இடம் ஆறாமலே போயிரும். அதுக்காக இம்பிளான்ட்டே கூடாதுன்னு இல்ல. எத்தனை வருஷமா சாப்பிடுறாங்க, வேற என்ன மருந்து எடுக்குறாங்கன்னு பார்த்து டாக்டர் முடிவு பண்ணுவார். நீங்களா மாத்திரையை நிறுத்திராதீங்க.

செண்பகவல்லி_கோவில்பட்டி:
நிறுத்தலக்கா. அட்டையைப் பையில எடுத்து வெச்சுட்டேன். பொன்னுச்சாமி அண்ணாச்சி, நாளைக்கே எச்பிஏ1சிக்கு ரத்தம் கொடுக்கிறோம். ரிசல்ட் வந்ததும் ரெண்டு டாக்டரையும் திரும்பப் பார்த்துட்டு வந்து எழுதறேன்.