அரசுக் கட்டடங்களில் பசுமைத் திட்டங்கள்: நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

நீலவானம்:
சோலார் போட்ட அரசு அலுவலகம் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டை மாடிக்கு ஏறினேன். பேனல் வரிசை முழுக்கப் புழுதி. பறவை எச்சம் காய்ந்து இறுகி, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. கீழே, பேனல் தரும் மின்சாரத்தை அலுவலகம் பயன்படுத்தும் மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு. எப்போதிலிருந்து எரிகிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. பொதுப்பணம் வெயிலில் கிடந்து வீணாகிறதே என்று இன்னும் மனசு ஆறவில்லை. மாதம் இரண்டு முறை தண்ணீர் ஊற்றிக் கழுவ ஓர் ஆளை நியமித்தால் என்ன?

கோப்புக்காரி:
எங்களுடையது பசுமைச் சான்றிதழ் வாங்கிய கட்டடம். நாலு பக்கமும் கண்ணாடி, ஜன்னலைத் திறக்க முடியாது. மதியத்துக்கு மேல் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். அதனால் பழைய கோப்பு அட்டைகளைக் கிழித்துக் கண்ணாடியில் ஒட்டினோம். அப்புறம் உள்ளே இருட்டு, பகலிலேயே எல்லா விளக்கும் எரிகிறது. ஏசி எப்போதும் 18 டிகிரி. பக்கத்து இருக்கை அக்கா அப்போது நிறைமாதம். சால்வையைப் போர்த்திக்கொண்டு, விரல் விறைத்துப்போய், நடுநடுவே கையைத் தேய்த்துக்கொண்டு தட்டச்சு செய்வார். கூட்டி வைக்கச் சொன்னால், மேலதிகாரி கோட்டு போட்டிருக்கிறார், அவருக்குப் புழுங்கும் என்று பதில் வந்தது. ஜப்பானில் 2005-இல் ‘கூல் பிஸ்’ என்று அரசே தொடங்கியது இதற்குத்தான்: கோடையில் அலுவலகத்தில் 28 டிகிரி, கோட்டும் டையும் வேண்டாம். பிரதமரே டை கட்டாமல் வந்தார். அப்படி ஒருவர் இங்கே வரவேண்டும்.

கம்பியாள்:
நீலவானம், நீங்கள் சொல்வது பாதிதான் சரி. தூசி படிந்தால் மின் உற்பத்தி குறையும், அடியோடு நிற்காது. சிவப்பு விளக்கு எரிந்தால் கோளாறு வேறு இடத்தில். பேனல் 25 ஆண்டு உழைக்கும், இன்வெர்ட்டரைப் பத்துப் பதினைந்து ஆண்டில் மாற்ற வேண்டி வரும். அந்தச் செலவு யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்ததா, அதைப் பாருங்கள். நான் போன ஓர் அலுவலகத்தில் போயிருந்தது, பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே இருக்கும் ஒரே ஒரு டிசி ஃபியூஸ். என் சட்டைப் பையில் புதியது இருந்தது. போட விடவில்லை. பேனல் வாங்கியது ஒரு துறை, கட்டடம் இன்னொரு துறை, கரண்ட் பில் கட்டுவது மூன்றாவது. யார் கையெழுத்துப் போடுவது என்று சாயங்காலம் வரை பேசினார்கள். ஃபியூஸோடு திரும்பி வந்தேன். நல்ல வெயில் நாள் அது.

நீலவானம்:
கம்பியாள், கோளாறு எதுவாகவும் இருக்கட்டும். துடைக்க ஒருவர் தவறாமல் மேலே போயிருந்தால் சிவப்பு விளக்கையும் அவர்தானே முதலில் பார்த்திருப்பார்? நான் கேட்பது அந்த ஒருவரைத்தான்.

பழைய பொறியாளர்:
ஓய்வு பெறுவதற்கு முன் ஓர் இரவு மறந்த பையை எடுக்க அலுவலகம் போனேன். ஆளே இல்லை, மீட்டர் மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் என் கதை. ஆனால் எல்லாரும் மாடியையே பார்க்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். முதலில் இரவு மீட்டரைப் பாருங்கள். ஆள் இல்லாத நேரத்து யூனிட் எவ்வளவு என்று தெரிந்தால்தான் எதை அணைப்பது என்று தெரியும். அடுத்து மின்விசிறி. சாதாரண விசிறி 75 வாட், மின்சாரம் குறைவாகக் குடிக்கும் மோட்டார் வைத்த பிஎல்டிசி விசிறி சுமார் 30. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 250 வேலை நாள் என்று போட்டால் ஒரு விசிறிக்கே 90 யூனிட் மிச்சம். ஒரு தளத்தில் எத்தனை விசிறி என்று நீங்களே எண்ணுங்கள். ஆனால் டெண்டரில் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்று இருக்கும் வரை 75 வாட் விசிறிதான் வந்து சேரும். வாங்கும் விலையோடு அது ஆயுள் முழுக்கக் குடிக்கும் மின்சாரத்தையும் கூட்டி ஒப்பிட வேண்டும். இதை டெண்டர் விதியிலேயே எழுத வேண்டும். சோக் வைத்த பழைய ட்யூப்லைட்டுக்கும் இதே கணக்குதான். ஏசியை ஒரு டிகிரி கூட்டினாலே மின்சாரம் குறையும், கோப்புக்காரி அதைக் குறித்துக்கொள்ளவும். கண்ணாடியைக் குறை சொல்லாதீர்கள், வெளிப்பக்கம் நிழல்பலகை வைத்தால் போதும். வெயில் கண்ணாடிக்கு உள்ளே வந்த பிறகு திரை போட்டுப் பெரிய பயனில்லை.

கோப்புக்காரி:
ஐயா, நிழல்பலகை வைக்க என்னிடம் அதிகாரம் இருந்தால் அட்டை ஏன் ஒட்டுகிறோம்? ஒரு டிகிரி கூட்டவே விடவில்லை என்றுதான் எழுதினேன்.

தூறல்:
நான் பொதுமக்களில் ஒருத்தி. காகிதமில்லா அலுவலகம் என்று அறிவித்த இடம். இணையத்தில் விண்ணப்பித்துவிட்டுப் போனேன். அதையே அச்செடுத்து மூன்று நகல் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன். ஊழியர் ஒன்றை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட்டு, என் கண் முன்னாலேயே குப்பைக்கூடையில் போட்டார். பின்பக்கம் முழுக்க வெள்ளைத்தாள்.

கோப்புக்காரி:
தூறல், உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்த ஊழியரை மட்டும் திட்டாதீர்கள். தணிக்கைக்கு வருகிறவர்கள் மை வைத்த கையெழுத்தைக் கேட்கிறார்கள். டிஜிட்டல் கையொப்பம் போதும் என்று தணிக்கைக் குறிப்பில் ஒரு முறை எழுதிக் கொடுத்தால் மறுநாளே அச்சுப்பொறியை அணைத்துவிடுவோம். எங்கள் பிரிவில் எழுத்துமூலம் கேட்டிருக்கிறோம், பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.