கரூ பீடபூமியில் ஒரு வாரத் தன்னார்வப் பணி: எங்களால் என்ன பயன்?

கேள்வி (டர்பன்)
வணக்கம். சாட்ஸ்வர்த்திலுள்ள எங்கள் கோவில் இளைஞர் குழுவினர் பன்னிரண்டு பேர், வரும் ஜூலை விடுமுறையில் ஒரு வாரம் தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டு வறண்ட நிலமான கரூ பீடபூமிக்குச் சென்று, பொது நிலங்களையும் வன உயிர்களையும் காக்கும் பணியில் உதவ விரும்புகிறோம். மரக்கன்று நடலாம் என்று பலர் சொல்கிறார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து, போன இடத்தில் பாரமாகிவிடக் கூடாதே என்பது என் கவலை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1
தம்பி, மரம் நடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். முழங்கால் உயரப் புதர்களும் சதைப்பற்றுச் செடிகளுமே கரூவின் காடு. அங்கே மரத்தால் வந்த கேடுதான் பெரிது. நிழலுக்கும் தீவனத்துக்கும் என்று 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட புரோசோபிஸ், இராமநாதபுரத்தில் நாம் பார்க்கும் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய இனம். காய்களைத் தின்னும் கால்நடைகளின் சாணத்தில் விதை பரவி, ஆற்றுப் படுகைகளை அடைத்து, நிலத்தடி நீரை உறிஞ்சிவிடுகிறது. இத்தகைய அந்நிய மரங்களை அகற்ற அரசு 1995இல் தனித் திட்டமே தொடங்கியது.

வெட்டுவது எளிது. நாங்கள் முதன்முறை வெட்டிவிட்டு மட்டும் திரும்பினோம். அடுத்த ஆண்டு போனபோது ஒவ்வொரு அடிக்கட்டையிலும் இடுப்புயரத்துக்கு முள்கொம்புகள் கொத்தாகத் துளிர்த்து நின்றதைக் கண்டு மனம் மிகவும் நொந்தது. ஒருவர் வெட்ட, வெட்டிய கையோடு இன்னொருவர் நீலச் சாயம் கலந்த களைக்கொல்லியைத் தூரிகையால் பூச வேண்டும். நீலம் தெரியாத கட்டை விடுபட்ட கட்டை. பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் மட்டுமே இதைச் செய்யுங்கள். கரையோரத்து உள்நாட்டுப் புதரை ஒருபோதும் தொடாதீர்கள். உலகில் வேறெங்கும் இல்லாத, அழிவின் விளிம்பிலுள்ள ஆற்றங்கரை முயலுக்கு அதுதான் வீடு.

மறுமொழி 2
அண்ணன் சொன்னதோடு வேலிப் பணியையும் கேட்டுப் பாருங்கள். முன்பு ஆட்டுப்பண்ணையாக இருந்து காப்பு நிலமாக மாறிய இடங்களில் பழைய கம்பிகளைச் சுருட்டி எடுக்க எத்தனை கைகள் வந்தாலும் போதாது. தரையை ஒட்டிய மின்கம்பி இருக்கும் வேலிகளில் ஆமைகள் சாகின்றன: அதிர்ச்சி பட்டதும் ஆமை விலகி ஓடாமல் ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொள்கிறது, ஓடு கம்பியிலேயே சாய்ந்திருப்பதால் மின்சாரம் மீண்டும் மீண்டும் தாக்குகிறது. அப்படி இறந்த சிறுத்தை ஆமையின் வெறும் ஓட்டை நான் கையில் எடுத்திருக்கிறேன். இன்றும் மறக்க முடியவில்லை. ஜூலை இங்கே குளிர்காலம்; இரவுகளில் நீர் உறையும், கம்பளி அவசியம்.

மறுமொழி 3
ஒரு வேண்டுகோள். சதைப்பற்றுச் செடிகளைப் படமெடுத்தால் இருப்பிடக் குறிப்போடு வெளியிடாதீர்கள். கட்டைவிரல் நகத்தளவே உள்ள கோனோஃபைட்டம் செடிகளைத் திருடர்கள் வேரோடு பெயர்த்து வெளிநாட்டுக்குக் கடத்துகிறார்கள். செடிகளில் ஆர்வமுள்ளவர்கள், அரிய காட்டுப்பூக்களைக் கண்டு பதிவுசெய்யும் 'க்ரூ' தன்னார்வலர்களுடன் சேரலாம். அது 2003 முதல் நடக்கிறது.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. மரக்கன்றுக்கு ஒதுக்கிய பணத்தில் தோல் கையுறைகளும் தடித்த காலணிகளும் வாங்க முடிவு செய்துள்ளோம். அண்ணா, முதல் நாள் பயிற்சிக்கு எவ்வளவு முன்னதாகப் பூங்கா அலுவலகத்துக்கு எழுத வேண்டும்?