"எதிர்ப்புச் சக்தியே இல்லை, அதையும் அடக்க மாத்திரையா?" – வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

வாலாஜாக்காரன்

எனக்கு சி.வி.ஐ.டி., அதாவது உடம்பு போதுமான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) செய்யாத கோளாறு, என்று தெரிந்தபோது வயது 33. அந்தப் புரதத்தை, இம்யூனோகுளோபுலினை, மாதம் ஒருமுறை ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு மற்றதை நான் விளக்க வேண்டியதில்லை. ஏற்ற ஆரம்பித்த பிறகு இரண்டு வருடம் சளி, காய்ச்சல் எதுவும் கிடையாது. அப்புறம் ஒரு கிருத்திகைக்கு ரத்தினகிரி படி ஏறும்போது மூச்சு வாங்கிப் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பாட்டி என்னைத் தாண்டி விடுவிடுவென்று போனார்.

சி.டி.யில் இரண்டு நுரையீரலிலும் புள்ளி புள்ளியாக இருந்தது. நெஞ்சுக்குள் நெறிகட்டு, மண்ணீரலும் வீக்கம். சதை எடுத்துப் பார்த்ததில் கிரானுலோமா, அதாவது வெள்ளணுக்கள் திரண்ட சிறு முடிச்சு, இருந்தது; கிருமி இல்லை. "உங்கள் வெள்ளணுக்களே நுரையீரலில் கூட்டமாக வந்து உட்கார்ந்திருக்கின்றன, இது அழற்சி. மாதாமாதம் ஏற்றுவது தொற்றைத் தடுக்கும், இதைத் தடுக்காது. ஸ்டீராய்டு தர வேண்டும்" என்றார் மருத்துவர்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "எதிர்ப்புச் சக்தி இல்லை என்றுதானே சார் காசைக் கொட்டி ஏற்றுகிறோம். இருக்கிற கொஞ்சத்தையும் அடக்க மாத்திரை தருகிறீர்களா?"

மாத்திரையை வாங்கினார், என்னிடம் தரவில்லை. "வெள்ளிக்கிழமை ஆகட்டும்", "அமாவாசை கழியட்டும்" என்று பதினோரு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். வயது வந்த ஆளுக்கு அப்பாவா மாத்திரை தர வேண்டும் என்று கேட்காதீர்கள். எனக்கும் பயம்தான், அவர் தராததில் உள்ளூர நிம்மதி. பன்னிரண்டாம் நாள் அம்மா துவைக்கச் சட்டையை எடுத்தபோது அட்டை கீழே விழுந்தது. பத்தில் இரண்டு குழி காலி. எனக்குக் கொடுக்கும் முன் தான் தின்று பார்த்திருக்கிறார்.

இதுவரை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

குடியாத்தம் அக்கா

எனக்குக் கோளாறு நுரையீரலில் இல்லை, ரத்தத்தில். கால் முழுக்கச் சிவப்புப் புள்ளி. கொசு கடித்தது என்று மூன்று நாள் தேங்காய் எண்ணெய் தடவினேன். கங்கையம்மன் சிரசுத் திருவிழா நேரம், வீடு நிறைய விருந்தாளிகள். நாத்தனார்தான் "அண்ணி, ஈறில் ரத்தம் வருகிறது" என்றாள். தட்டணு (பிளேட்லெட்) வெறும் 6,000. ஊரெல்லாம் டெங்கு என்பதால் எனக்கும் டெங்கு என்றார்கள். இல்லை. என் உடம்பே என் தட்டணுக்களை அழித்துக்கொண்டிருந்தது. ஸ்டீராய்டில் ஏறியது, நிறுத்தினால் இறங்கியது. நான்கு வருடம் இதே கதை. அதற்குப் பிறகுதான் ஒரு மருத்துவர் ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற ஆன்டிபாடி எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். குறைவு, எனக்கும் சி.வி.ஐ.டி.

என்னை உறுத்துவது வேறு. பழைய சீட்டுகளை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தேன். பிரசவத்துக்கு முன் எடுத்த கல்லீரல் பரிசோதனைத் தாளும் அதில் இருந்தது. மொத்தப் புரதம், ஆல்புமின், அதற்குக் கீழே குளோபுலின் 1.3, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. ஆன்டிபாடியும் அந்தக் குளோபுலினில்தான் சேர்த்தி. குறைவு என்று அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளின் மேல்தான் இத்தனை வருடம் மாத்திரை டப்பாவை வைத்திருந்தேன்.

ஆம்பூர் தோல் மண்டி

வாலாஜாக்காரர் எழுதியது ஆபத்து. கிரானுலோமா என்றால் நம் ஊரில் முதலில் டி.பி.தான். என் சித்தப்பா ஸ்டீராய்டு தின்று தின்று உள்ளே இருந்த டி.பி. கிளம்பிவிட்டது. இதைப் படித்துவிட்டு யாராவது டி.பி. மாத்திரையை நிறுத்தினால் யார் பொறுப்பு? பாதியில் விட்டால் அடுத்த முறை மருந்தே கேட்காது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவனுக்கு டி.பி. வராது என்று யார் சொன்னது? வந்தால் மற்றவனைவிட வேகமாகத்தான் பரவும். அழற்சி, அழற்சி என்று புதுப் பெயர் சொன்னால் கிருமி பயந்து ஓடிவிடுமா?

வாலாஜாக்காரன்

அண்ணா, டி.பி. மாத்திரை ஆறு மாதம் தின்றவன்தான் நானும். முதலில் பார்த்த இடத்தில் சதை எடுக்காமலே ஆரம்பித்தார்கள், புள்ளி ஒன்றுகூடக் குறையவில்லை. இரண்டாவது இடத்தில் டி.பி. கிருமி வளர்கிறதா என்று சதையைக் கல்ச்சரில் எட்டு வாரம் வைத்துப் பார்த்து, இல்லை என்ற பிறகுதான் ஸ்டீராய்டு பேச்சே வந்தது. யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை.

இலவம்பாடி

என்னுடையது சி.ஜி.டி., வெள்ளணுக்கள் சில கிருமிகளைக் கொல்ல முடியாத பரம்பரை நோய். குழந்தையில் போட்ட பி.சி.ஜி. ஊசிக்கே அக்குள் கட்டி பழுத்து உடைந்ததாம். பெரியவனான பிறகு வயிறு. ரத்தமும் சீதமுமாகப் போகும். குரோன்ஸ் என்ற குடல் அழற்சி என்று இரண்டு வருடம் வைத்தியம் பார்த்தார்கள்.

முள்ளுக் கத்தரி போட எருக்குழியைக் கிளறினேன். மக்கிய கடலைக்கொடியிலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரி பூஞ்சை எழும்பியது. ஒரு வாரத்தில் மூச்சு திணறி வேலூருக்கு ஓடினோம். பூஞ்சைக்கு மருந்து, அதோடு சேர்த்து ஸ்டீராய்டு. உள்ளே போன பூஞ்சையைவிட, அதைப் பார்த்து என் உடம்பு போட்ட கூச்சல்தான் பெரிது என்றார்கள்.

மருத்துவர் என்னைப் பரிசோதித்துக்கொண்டே இருந்தவர், திடீரென்று அம்மா பக்கம் திரும்பினார். "உங்களுக்கு வெயில் பட்டால் கன்னம் தடித்துப்போகுமா? வாயில் அடிக்கடி புண் வருமா?" அம்மா முந்தானையால் கன்னத்தை மறைத்துக்கொண்டார். இருபது வருடமாகக் களை எடுக்கும்போது துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றவர். வேலூர் வெயில், எல்லாருக்கும்தானே கறுக்கும் என்று நாங்கள் கவனித்ததே இல்லை. அவர் ரத்தத்தையும் சாயம் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பங்கு வெள்ளணு வேலை செய்கிறது, மறு பங்கு செய்யவில்லை. நோய் அவர் வழியாக வந்திருக்கிறது, கன்னத் தடிப்பும் அதனால்தான் என்றார்கள்.

திரும்பி வரும்போது அணைக்கட்டு பஸ்ஸில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஜன்னல் ஓரம் உட்காரப் போனேன். என்னைத் தள்ளிவிட்டு அவரே வெயில் பக்கம் உட்கார்ந்தார்.

காட்பாடி ஓய்வு

என் மைத்துனிக்கும் சி.வி.ஐ.டி.தான், ஏற்றுவதற்கு மாதாமாதம் நான்தான் கூட்டிப்போகிறேன். எல்லாரும் எழுதுகிறீர்களே, உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். இம்யூனோகுளோபுலினை வெளியூரிலிருந்து ரயிலில் கொண்டுவந்தால் ஐஸ் மேலேயே குப்பியை வைக்காதீர்கள். உறைந்துவிட்டால் வீண். இரண்டிலிருந்து எட்டு டிகிரி, நடுவில் ஒரு துண்டு சுற்றுங்கள். ஏற்றும் முன் நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும், வேகமாக விடச் சொல்லி நர்சை அவசரப்படுத்தக் கூடாது, தலைவலி பின்னிவிடும். இன்னொன்று. அது ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவிலிருந்து எடுப்பது. ஏற்றியபின் ரத்தம் பார்த்தால் அவர்களுடைய ஆன்டிபாடி உங்களுடையது போலத் தெரியும். மைத்துனிக்கு அப்படித்தான் மஞ்சள் காமாலை பி வந்து போனதற்கான அடையாளம் இருப்பதாகச் சீட்டு வந்து, வீட்டில் ஒரு மாதம் தனித் தட்டு, தனித் தம்ளர். வைரஸ் இருக்கிறதா என்று நேரடியாகப் பார்த்த பிறகுதான் இல்லை என்று தெரிந்தது. கடைசியாக, தினமும் நிலவேம்பு குடியுங்கள், எதிர்ப்புச் சக்தி ஏறும்.

குடியாத்தம் அக்கா

ஐயா, கடைசி வரிவரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நிலவேம்பால் நம் குறை தீராது. தனித் தம்ளரை இப்போது எடுத்துவிட்டீர்களா?

வாலாஜாத் தம்பி, அந்த இரண்டு மாத்திரை அப்பாவை ஒன்றும் செய்யவில்லையா?

வாலாஜாக்காரன்

அக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் அம்மாவிடம் விசாரித்தேன். அந்த வாரம் ஒருநாள் ராத்திரி அப்பா தூங்கவே இல்லையாம். இரண்டு மணிக்குப் பசிக்கிறது என்று எழுந்து, பானையில் இருந்த பழைய சோறு முழுவதையும் தின்றாராம். காலையில் நீராகாரம் இல்லையே என்று அம்மா பூனையைத் திட்டியிருக்கிறார்.