மெல்லிய தீயில் வேகும் ரகூ: வீட்டில் செய்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி கேட்டவர், கோவை

ரகூ என்னும் இத்தாலிய இறைச்சிச் சாஸை மணிக்கணக்கில் அடுப்பில் வைத்துச் செய்தவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். எனக்கு இரண்டு சந்தேகங்கள். தக்காளி எவ்வளவு போட வேண்டும்? ஒரு வீடியோவில் ஒரு கிலோ என்கிறார்கள், இன்னொன்றில் இரண்டு கரண்டி போதும் என்கிறார்கள். இரண்டாவது, எங்கள் வீட்டில் மாடும் பன்றியும் சாப்பிடுவதில்லை. ஆட்டுக்கறியில் செய்தால் அதை ரகூ என்று சொல்லலாமா?

பலெர்மோவிலிருந்து

நான் யாழ்ப்பாணத்தாள். சிசிலியில் பலெர்மோவில் கனகாலமாய் இருக்கிறேன். இங்கே எங்கட ஆக்கள் கனபேர் வீட்டு வேலைக்கும் வயது போனவையைப் பராமரிக்கவும் போறவை. நானும் அப்படி ஒரு வயதான அம்மாவின்ர வீட்டுக் குசினியிலதான் இந்தச் சமையலைப் பழகினேன்.

முதல்ல தீயைப் பற்றிச் சொல்ல வேணும். வெங்காயம், கரட், செலரி மூன்றையும் பொடியாய் அரிஞ்சு ஒலிவ் எண்ணெயில போடுறதைச் சோஃப்ரித்தோ எண்டு சொல்லுவினம். எங்கட கறிக்கு வதக்கிற மாதிரி அதைப் பொன்னிறமாய் வர விடக்கூடாது. தீயை நல்லாய்க் குறைச்சு, வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகிக் கரையுமட்டும் விட வேணும். அந்த அம்மா அந்த நேரத்தில குசினியை விட்டு அசையமாட்டா. மரக் கரண்டியும் கையுமாய் நிண்டுகொண்டுதான் என்னோட கதைப்பா. பிறகுதான் அரைச்ச மாட்டிறைச்சியும் பன்றியும். அப்ப தீயைக் கூட்ட வேணும். இறைச்சியில இருந்து வாற தண்ணி முழுக்க வத்தி, சட்டியில சடசடவெண்டு சத்தம் கேட்ட பிறகுதான் வைன் விடுறது. வைனும் வத்தினாப் பிறகுதான் தக்காளி.

நீங்கள் கேட்ட தக்காளிக்கு இப்ப வாறன். பலெர்மோவில இதுக்குப் போடுறது ஸ்த்ராத்து. ஆவணி வெயிலில தக்காளிச் சாறை உப்புப் போட்டு மரப்பலகையில பரப்பி, நாள் முழுக்கக் கிளறிக் கிளறிக் காய வைப்பினம். தண்ணி எல்லாம் போய்க் கடும் சிவப்பாய், களிமண் மாதிரி இறுகி வரும். பலாரோச் சந்தையில அதைக் குவிச்சு வைச்சு விக்கிறதைப் பார்க்கலாம். சட்டியில இறைச்சிக்குப் பக்கத்தில ஒரு கரண்டி ஸ்த்ராத்தைப் போட்டு, எண்ணெயில கொஞ்சம் பிரட்டி, அதுக்குப் பிறகு சுடுதண்ணியில கரைச்சு விட்டால், ஒரு கூடைத் தக்காளியின்ர ருசி அதில இருக்கும். புளிப்பு இராது. ஒரு மெல்லிய இனிப்புத்தான்.

பிறகு மூடியைக் கொஞ்சம் திறந்தபடி வைச்சு, இரண்டு, மூண்டு மணித்தியாலம். இங்கத்தை வழக்கத்தில கடைசியாய்ப் பச்சைப் பட்டாணியும் சேரும். இந்த ரகூ அவிச்ச பாஸ்தாவுக்கு மேல விட மட்டும் இல்லை. வளையம் வளையமாய் இருக்கிற அனெல்லெத்திப் பாஸ்தாவோட சேர்த்து அவணில வைச்சு எடுக்கிறது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. குங்குமப்பூச் சோத்து உருண்டைக்குள்ள வைச்சுப் பொரிச்சால் அரஞ்சீனா. மார்கழி (டிசம்பர்) 13, சாந்த லூச்சியா எண்ட புனிதையின்ர நாள். பஞ்ச காலத்தில தானியக் கப்பல் வந்து சேர்ந்தது, சனம் அதை மாவாக்காமல் அவிச்சே சாப்பிட்டுது எண்டு சொல்லி, அண்டைக்குப் பலெர்மோச் சனம் பாணும் பாஸ்தாவும் தொடாதுகள். ஊர் முழுக்க அரஞ்சீனாதான். அதுக்கு முதல் நாள் எங்கட வீட்டிலயும் பெரிய சட்டியில ரகூ ஏறும். இறுக்கமாய் வத்தின ரகூவாய் இருந்தால்தான் உருண்டை உடையாது.

பொலோன்யாவிலிருந்து

அக்கா சொன்னது சிசிலி வழக்கம். வடக்கே இங்கு கணக்கு வேறு. நான் பொலோன்யாவில் வேலை பார்க்கிறேன். இந்த ஊர்க்காரர்கள் ரகூவை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு ஒரு விஷயம் சொல்கிறேன். இத்தாலியச் சமையல் அகாதெமி 1982 அக்டோபர் 17 அன்று ரகூவின் செய்முறையை இங்குள்ள வணிகச் சங்கத்தில் அதிகாரபூர்வமாகப் பதிவு செய்தது. 2023இல் அதைத் திருத்தி மறுபடியும் பதிந்தார்கள்.

புதிய பதிவின்படி கரகரப்பாக அரைத்த மாட்டிறைச்சி 400 கிராம், புகையூட்டாத பஞ்செட்டா (பன்றி வயிற்றுக் கறி) 150 கிராம், வெங்காயம், கேரட், செலரி ஒவ்வொன்றும் சுமார் 60 கிராம், ஒரு கிளாஸ் ஒயின். தக்காளி? வடிகட்டிய சாறு 200 கிராமும் விழுது ஒரு மேசைக்கரண்டியும்தான். பழைய 1982 பதிவில் இன்னும் குறைவு: ஐந்து கரண்டி சாறு, அல்லது 20 கிராம் விழுது. 1891இல் வெளியான பெல்லெக்ரீனோ அர்த்தூசியின் சமையல் நூலில் பொலோன்யா பாணி இறைச்சிக் கலவை ஒன்று இருக்கிறது. அதில் தக்காளியே கிடையாது. எனவே கோவை நண்பருக்கு என் பதில்: இது இறைச்சிச் சாஸ். தக்காளி அதற்குத் துணைக்கு வருகிறது. ஒரு கிலோ போட்டால் கிடைப்பது வேறு பண்டம், அதுவும் ருசியாக இருக்கலாம், ஆனால் இது அல்ல.

பூண்டு கூடாது, ரோஸ்மேரி போன்ற தழைகள் கூடாது, கெட்டியாக்க மாவு கூடாது என்றும் 2023 பதிவு சொல்கிறது. நம் நாக்குக்குப் பூண்டில்லாத கறி சப்பென்று இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் பாதி வெந்ததும் ஒரு கிளாஸ் பாலை ஊற்றி, அது முழுக்க இழுக்கும்வரை விட்டுப் பாருங்கள். தக்காளியும் ஒயினும் தரும் கடுமையான புளிப்பு அடங்கி, இறைச்சியின் மணம் மேலே வரும். எனக்கு இதில் மிகவும் பிடித்த கட்டம் அதுதான். இதன் மேல் பூண்டு வாசம் ஏறினால் பாலுக்கு வேலையே இல்லாமல் போகிறது.

சாப்பிடுவது தல்யதெல்லே என்னும் முட்டைப் பாஸ்தா நாடாவோடு. ஸ்பகெட்டியில் இந்தச் சாஸ் ஒட்டாமல் தட்டின் அடியில் தங்கிவிடும். சொரசொரப்பான அகல நாடாதான் இறைச்சித் துணுக்குகளைப் பிடித்துக்கொண்டு வரும்.

நாப்போலியில் கொஞ்ச காலம் இருந்தவர்

அங்கே கொத்துக்கறியே போட மாட்டார்கள். முழு முழுத் துண்டுகள், பன்றி விலா, உள்ளே பூண்டும் சீஸும் வைத்துச் சுருட்டிக் கட்டிய மாட்டிறைச்சி. தக்காளியும் தாராளம். மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே மரக்கரண்டியைக் கொடுத்து, மேலே ஒன்றிரண்டு குமிழி மட்டும் வெடிக்கிற தீயில், காலையில் ஏற்றினால் மதியம் தாண்டும். சாஸ் முதலில் கையால் ஒடித்த சீத்திப் பாஸ்தாவுக்குப் போகும். இறைச்சி தனியாக இரண்டாம் தட்டில் வரும். ஒரு கிலோத் தக்காளி சொன்ன வீடியோ அநேகமாக இந்த வகையாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. ஆட்டுக்கறி பற்றி யாராவது சொல்லுங்கள். குக்கரில் வைத்தால் நேரம் மிச்சமாகுமா?

சென்னையிலிருந்து

தாராளமாக ரகூ என்று சொல்லுங்கள். இத்தாலியின் அப்ருத்சோ பகுதியில் செம்மறி ஆட்டு ரகூதான் பெயர்பெற்றது. கம்பிகள் கட்டிய பலகையில் அறுத்த பாஸ்தாவோடு சாப்பிடுவார்கள். தஸ்கனியில் காட்டுப்பன்றி, வாத்து எல்லாம் உண்டு. நான் எப்போதும் வெள்ளாட்டில்தான் செய்கிறேன்.

கறிக்கடையில் முன்னந்தொடை கேளுங்கள். கூடவே கொஞ்சம் கொழுப்பு. பஞ்செட்டா இல்லாத குறையை அதுதான் தீர்க்கும். முதலில் அதை உருக்கிவிட்டு, அதில் காய்களை வதக்குங்கள். கைமா இயந்திரத்தில் மாவாக அரைக்கச் சொல்லாமல் கத்தியில் கொத்தித் தரச் சொல்லுங்கள். முன்னந்தொடையில் சவ்வும் நரம்பும் அதிகம். அவைதான் நீண்ட நேர ஈரச் சூட்டில் இளகி, சாஸுக்கு ஒரு பிசுபிசுப்பைத் தருகின்றன. சவ்வில்லாத கறியை மூன்று மணி நேரம் வைத்தால் வறண்டு நார் நாராகிவிடும்.

குக்கர் வேண்டாம். கறி வெந்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் ஆவி வெளியே போகாததால் தண்ணீர் அப்படியே நிற்கும். இந்தச் சமையலில் நேரம் செலவாவது வேகவைப்பதற்கு மட்டுமல்ல, நீரை மெல்ல வெளியேற்றுவதற்கும்தான். அக்கா சொன்ன ஸ்த்ராத்தில் வெயில் செய்கிற வேலையைச் சட்டியில் சிறு தீ செய்கிறது. அடிகனமான பாத்திரம், அடுப்பில் சிறிய பர்னர், சிம். அடியில் பிடிக்கிற மாதிரி தெரிந்தால் கால் கப் வெந்நீரோ எலும்புச் சாறோ ஊற்றுங்கள், மொத்தமாக ஊற்ற வேண்டாம்.

நம் நாட்டுத் தக்காளியில் சாறும் விதையும் புளிப்பும் அதிகம். விதையை எடுத்துவிட்டுத் தனியாக வற்றவைத்துச் சேர்க்கலாம், அல்லது டப்பாவில் வரும் விழுதே போதும். பட்டை, கிராம்பு, கரம் மசாலா பக்கம் போகாதீர்கள். மிளகும் உப்பும் மட்டும். ஆட்டு வாடை வருமே என்று பயம் வேண்டாம். இறைச்சியின் நீர் முழுக்க வற்றி நன்றாகச் சிவக்கும்வரை பொறுத்தால் வாடை தெரியாது.

பலெர்மோவிலிருந்து

தம்பி சொன்னது சரி. ஒண்டு மட்டும் சேர்க்கிறேன். ஆட்டிறைச்சிக்குப் பட்டாணி நல்லாய்ப் பொருந்தும். கடைசிக் கால் மணித்தியாலத்தில போடுங்கோ, முதலே போட்டால் குழைஞ்சு நிறமும் போயிடும். பாஸ்தா அவிச்ச தண்ணியை ஊத்தி விடாமல் ஒரு குவளை எடுத்து வையுங்கோ. ரகூவையும் பாஸ்தாவையும் தாச்சியில பிரட்டேக்க இறுகினால், அதில இரண்டு கரண்டி விட்டால் போதும்.