யோங் ஷாங்காய்க்குப் போயிருக்கலாமா?

நிலாமுற்றம்:
நேற்று "அழ வைத்த கொரிய பிஎல்" (பாய்ஸ் லவ், அதாவது ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான காதல் கதைகள்) பட்டியலில் வடகாற்று போட்ட பதிவைப் படித்ததில் இருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. 'லவ் இன் தி பிக் சிட்டி' தொடரைப் பட்டியலில் இருந்தே தூக்க வேண்டுமாம். நாயகன் யோங், வேலைக்காக ஷாங்காய்க்குப் போகும் அவன் காதலன் கியூஹோ, இவர்களின் கதை அது. "கியூஹோவைத் தனியாக ஷாங்காய்க்கு அனுப்பிவிட்டு சியோலில் உட்கார்ந்துகொண்டவன் யோங். கூடவே போயிருக்கலாம், போகவில்லை. சுயநலக்காரன்." எட்டு எபிசோடுக்கும் இதுதான் தீர்ப்பு.

போயிருக்க முடியாது. யோங்குக்கு எச்ஐவி இருக்கிறது. அதற்குப் பாடகி கைலி மினோக்கின் பெயரை வைத்து "கைலி" என்று கூப்பிடுகிறான். சீனாவில் வருஷக்கணக்கில் தங்க வேண்டுமானால் மருத்துவப் பரிசோதனை உண்டு. ரத்தத்தில் கைலி தெரிந்தால் கதவு மூடிவிடும். காதலனோடு ஓர் ஊருக்குக் குடிபோக ஒருவனுக்கு அனுமதி இல்லை என்பதுதான் கதையின் அடிவயிறு. அதைப் பார்த்துவிட்டு "சுயநலம்" என்று எழுத எப்படி மனசு வந்தது?

வடகாற்று:
எனக்கென்று தனி இழையா? நன்றி. சீனா எச்ஐவி உள்ளவர்களுக்கான நுழைவுத் தடையை 2010இலேயே நீக்கிவிட்டது. இந்தத் தொடர் வந்தது 2024இல். ஆக, யோங் போயிருக்கலாம். உங்கள் அடிவயிறு அங்கேயே காலி.

நிலாமுற்றம்:
2010இல் நீக்கியது நுழைவுத் தடையை. சுற்றிப் பார்க்கப் போகிறவனை விடுவார்கள். வேலை அனுமதி, நீண்ட காலம் தங்கும் அனுமதி இரண்டும் வேறு. அவற்றுக்கு உடல் பரிசோதனை அப்படியேதான் இருக்கிறது, அதில் எச்ஐவி சோதனையும் சேர்த்தி. பாதிச் செய்தியைப் படித்துவிட்டு வந்து சட்டம் பேசாதீர்கள்.

வடகாற்று:
அப்படியென்றால் டூரிஸ்ட்டாகப் போயிருக்கலாம். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். சியோலில் இருந்து ஷாங்காய் விமானத்தில் ரெண்டு மணி நேரம்தான். மனசு இல்லை, அவ்வளவுதான்.

பச்சைத்தேநீர்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இதை முதலில் நாவலாகப் படித்தவள் நான். பார்க் சாங்யோங் 2019இல் எழுதியது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2022இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலுக்குப் போனது. தொடருக்குத் திரைக்கதையும் அவரேதான். அப்புறம், நாவலில் தோழியின் பெயர் ஜேஹி, தொடரில் மியே. இங்கே யாருமே இதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. நான்கு இயக்குநர்கள் ஆளுக்கு ரெண்டு எபிசோடு எடுத்ததால் தொடர் துண்டு துண்டாக இருக்கிறது என்பது என் கருத்து.

நிலாமுற்றம்:
துண்டு துண்டாக இல்லை தோழி. நாவலே நான்கு பகுதிதானே? தோழி, அம்மா, கியூஹோ, கியூஹோ போன பிறகு. ஒவ்வொரு வயதிலும் யோங் வேறு ஆள். இயக்குநர் ஹர் ஜின்ஹோவிடம் அம்மா பகுதியைக் கொடுத்தார்களே, அதைவிடப் பொருத்தமான கை இருக்கிறதா? 'கிறிஸ்துமஸ் இன் ஆகஸ்ட்' படத்தை எடுத்தவர். நோயையும் மௌனத்தையும் அவர் மாதிரி யாரும் எடுப்பதில்லை.

கடைசிபெஞ்ச்:
எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. எச்ஐவி, புற்றுநோய், பிரிவு. இதைப் போய் பிஎல் என்கிறீர்கள். 'செமாண்டிக் எரர்' என்ற கொரிய பிஎல் தொடரின் எட்டு எபிசோடு பார்த்தால் மனசு லேசாகும். சாங்வூவும் ஜேயோங்கும் ஒரு குரூப் பிராஜெக்ட் சண்டையில் ஆரம்பித்து எங்கே போய் நிற்கிறார்கள்! போன வருஷம் நான் அதை முதலிடத்தில் வைத்ததற்கு "சின்னப் பிள்ளைகளுக்கான கதை" என்று எழுதியது இதே நிலாமுற்றம்தான். நான் மறக்கவில்லை.

நிலாமுற்றம்:
எழுதினேன், இன்றைக்கும் அதே கருத்துதான். ஆனால் இப்போது பேச்சு யோங்கைப் பற்றி.

கடைசிபெஞ்ச்:
உங்களுக்கு எப்போதுமே பேச்சு உங்களுக்குப் பிடித்ததைப் பற்றித்தான்.

உப்புமூட்டை:
அம்மா பகுதி என்றதும் ஒன்று கேட்கிறேன். அந்த அம்மாவை எல்லாரும் வில்லி மாதிரி பேசுகிறீர்கள். கேன்சரில் படுத்திருக்கிறாள். தனக்குத் தெரிந்த வழியில் மகனைக் காப்பாற்றப் பார்த்தாள். அந்தத் தலைமுறை அப்படித்தான்.

நிலாமுற்றம்:
மகன் ஒரு பையனை முத்தமிட்டதைப் பார்த்துவிட்டு அவனை மனநல மருத்துவமனையில் சேர்த்தவள் அவள். பள்ளிக்கூடப் பையன்! அவளுக்குத்தான் பிறகு அவன் கஞ்சி கொடுத்து, மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கிறான். அவன் காத்திருந்தது ஒரே ஒரு மன்னிப்புக்கு. அது வரவேயில்லை. என் அம்மாவுக்குக் கீமோ நடந்தபோது எட்டு மாதம் நானும் அப்படித்தான் படுத்திருந்தேன். எங்களுக்குள்ளும் பேசாமல் விட்ட பேச்சு ஒன்று இருந்தது. கடைசிவரை பேசவில்லை. அந்த ரெண்டு எபிசோடையும் என்னால் ஒரே மூச்சில் பார்க்க முடியவில்லை. அவளை நான் வில்லி என்று சொல்லவில்லை. ஆனால் "காப்பாற்றப் பார்த்தாள்" என்ற சொல்லை ஏற்கவே மாட்டேன்.

உப்புமூட்டை:
உங்கள் வேதனை புரிகிறது அக்கா. ஆனாலும் அம்மா அம்மாதான்.

வடகாற்று:
கண்ணீர்க் கதை சொன்னால் கேள்வி மறைந்துவிடாது. யோங் போயிருக்கலாம். கைலி இருப்பது தெரிந்தும் கூட இருந்தவன் கியூஹோ. உயிரைப் பணயம் வைத்தவனுக்கு இவன் கொடுத்தது என்ன? விமான நிலையத்தோடு சரி.

நிலாமுற்றம்:
"உயிரைப் பணயம்" என்று இந்த வருஷத்திலும் எழுதுகிறீர்களே! ஒழுங்காக மருந்து எடுத்து, வைரஸ் அளவு சோதனையில் தெரியாத நிலைக்கு வந்து, அப்படியே வைத்திருந்தால் உடலுறவு வழியாகப் பரவாது. மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட விஷயம் இது. கியூஹோ தியாகி இல்லை, காதலன். யோங் சொன்னதைக் கேட்டு, பரவாயில்லை என்று கூட நின்றான். கியூஹோவாக வரும் ஜின் ஹோஉன் அந்த இடத்தில் எவ்வளவு சாதாரணமாக நடித்திருக்கிறார் பாருங்கள். அந்தச் சாதாரணம்தான் என்னை அழ வைத்தது.

யோங் அவனுக்கு என்ன கொடுத்தான் என்று கேட்கிறீர்கள். பாங்காக்கில் பறக்கும் விளக்கில் வேண்டுதல் எழுதச் சொன்னபோது யோங் எழுதியது "கியூஹோ" என்ற பெயரை மட்டும்தான். பணமோ உடல்நலமோ கேட்கவில்லை. பெயர், அவ்வளவுதான். சுயநலக்காரன் எழுதுகிற வேண்டுதலா அது?

பச்சைத்தேநீர்:
அது நாவலின் வரி. அதிலேயே இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பவள் நான்.

நிலாமுற்றம்:
தொடராக வந்ததால்தான் ஊரே பேசியது தோழி. எதிர்ப்புக் கிளம்பி முன்னோட்டங்களையே நீக்க வேண்டி வந்தது. அப்படியும் அக்டோபர் 21 அன்று எட்டு எபிசோடும் டிவிங் என்ற கொரிய ஓடிடி தளத்தில் வந்தன. அதற்கு மூன்று மாதம் முன்னால், ஜூலை 18 அன்றுதான் கொரிய உச்ச நீதிமன்றம் ஒருபாலினத் துணைவருக்கும் சுகாதாரக் காப்பீட்டுப் பயன் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அங்கே இன்னும் ஒருபாலினத் திருமணம் சட்டப்படி இல்லை. நடிகர் நாம் யூன்சு யோங் வேடத்தை ஏற்றதே துணிச்சல். அதே வருஷம் அப்பாவுக்குச் சிறுநீரகம் கொடுத்தவர் அவர்.

கடைசிபெஞ்ச்:
சிறுநீரகத்துக்கும் நடிப்புக்கும் என்ன சம்பந்தம்? ஜேயோங்காக நடித்த பார்க் சியோஹாம் 'செமாண்டிக் எரர்' முடிந்த கையோடு ராணுவத்துக்குப் போனார். அதற்கும் மதிப்பெண் போடுங்களேன்.

நிலாமுற்றம்:
சரி, சிறுநீரகத்தை விடுங்கள். துணிச்சல் என்றதை விட மாட்டேன்.

வடகாற்று:
இவ்வளவு எழுதினீர்கள். தீர்ப்பு, விளக்கு, சிறுநீரகம் எல்லாம் வந்தது. டூரிஸ்ட்டாகப் போயிருக்கலாமே என்பதற்குப் பதில் வரவில்லை.

நிலாமுற்றம்:
காதலன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போய், நாள் எண்ணி, பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்புவதா வாழ்க்கை? சியோலில் ஒரே வீட்டில் இருந்தவர்கள் அவர்கள். ஒரே படுக்கை, ஒரே சாப்பாடு. அதை இழந்தவனிடம் "ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை போயேன்" என்கிறீர்கள். போக முடியாது என்று தெரிந்த பிறகும் கியூஹோவின் வேலை கெடக்கூடாது என்று விட்டுக்கொடுத்தவன் யோங். பிடித்து வைத்திருந்தால் அதைச் சுயநலம் என்றிருக்கலாம்.

வடகாற்று:
விட்டுக்கொடுத்தானா, விட்டுவிட்டானா? போயிருக்கலாம்.

நிலாமுற்றம்:
ஏழாவது எபிசோடை இன்னொரு தடவை பாருங்கள். பார்த்துவிட்டு வந்து இதே வார்த்தையை எழுதுங்கள்.

வடகாற்று:
ரெண்டு தடவை பார்த்தாயிற்று. போயிருக்கலாம்.

உப்புமூட்டை:
அக்கா, இதை எங்கே பார்க்கலாம்? நான் இன்னும் கடைசி நாலு பார்க்கவில்லை. கதையையெல்லாம் சொல்லிவிட்டீர்களே!