டயர் மாற்றும் கூலி: எது நியாயம், எது பிடுங்கல்?

நனைந்த ஹெல்மெட் கேட்டது:

என் வண்டியின் பின் டயர் நடுவில் வழுக்கை விழுந்துவிட்டது. தேய்மானம் தெரிவதற்காகப் பள்ளங்களுக்குள் வைத்திருக்கும் சின்ன மேடுகள் ரோட்டைத் தொட ஆரம்பித்துவிட்டன. இணையத்தில் விலை குறைவாகக் கிடைத்ததால் டயரை அங்கே வாங்கி, தோளில் மாட்டிக்கொண்டு ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மாற்றித் தந்தார்கள். கூலி மட்டும் டயர் விலையில் மூன்றில் ஒரு பங்கு! பில்லில் ஒரே வரிதான்: "பின் டயர் மாற்றம்."

போன முறை வேறொரு கடையில் டயரையும் அங்கேயே வாங்கினேன். அப்போது கூலி என்ற பேச்சே எழவில்லை. அதனால்தான் இப்போது வயிறு எரிகிறது.

வண்டி விவரம்: டியூப்லெஸ் டயர், அலாய் சக்கரம், பின்னால் டிஸ்க் பிரேக், செயின். நடு ஸ்டாண்டு கிடையாது. பக்கத்திலேயே நின்று பார்த்தேன், மொத்தம் ஐம்பது நிமிடம். அதில் பத்து நிமிடம் அவர் போனில் இருந்தார். பேலன்சிங் (சக்கரம் ஆட்டமில்லாமல் சுற்ற ரிம்மில் சின்ன எடை ஒட்டிச் சமன் செய்வது) செய்த மாதிரி தெரியவில்லை. ரிம்மில் பழைய எடைத்துண்டு ஒட்டியிருந்த இடத்தில் இப்போது பசைத் தடம் மட்டும்தான் இருக்கிறது. வால்வும் பழையதேதான்.

ஏமாந்துவிட்டேனா, இல்லை இதுதான் நடைமுறையா?

எட்டாம் நம்பர் ஸ்பானர் எழுதியது:

ஏமாந்துவிட்டீர்கள், சந்தேகமே வேண்டாம். இரண்டு டயர் லிவர் (டயரை நெம்பும் கம்பி), கொஞ்சம் சோப்புத் தண்ணீர், ஒரு மதியம். வீட்டிலேயே முடிகிற வேலை இது. நான் கடைக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. முதல் தடவை ரிம்மில் ஒரு கீறல் விழுந்தது, ஒப்புக்கொள்கிறேன். சரி, இரண்டு கீறல்.

பழைய லிவர் எழுதியது:

நான் 19 வருடமாக டயர் வேலை பார்க்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

முதலில் கூலியை டயர் விலையோடு ஒப்பிடுவதை விடுங்கள் தம்பி. மலிவு டயரானாலும் உயர்ந்த டயரானாலும் என் முதுகு வளைவது ஒரே அளவுதான். பார்க்கப்போனால் அகலமான, பக்கச்சுவர் கட்டையாக இருக்கும் டயர்தான் அதிகம் படுத்தும். மூன்றில் ஒரு பங்கு என்பது பெரிதாகத் தெரிவதற்கு நீங்கள் டயரை மலிவாக வாங்கியதும் ஒரு காரணம். கூலியை நேரத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். அந்தக் கடையில் மற்ற வேலைகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு என்ன வாங்குகிறார்கள் என்று விசாரியுங்கள். உங்களுடையது மாதிரி வண்டிக்குப் பின் டயர் ஒழுங்காக மாற்ற ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். முன் டயர் என்றால் செயின் தொல்லை இல்லாததால் அதைவிடக் குறையும்.

அந்த ஒரு மணி நேரம் எங்கே போகிறது என்று கேட்பீர்கள். நடு ஸ்டாண்டு இல்லாத வண்டியைத் தனி ஸ்டாண்டு போட்டுத் தூக்க வேண்டும். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, செயினை ஸ்ப்ராக்கெட்டிலிருந்து இறக்கி, டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரைத் தொங்கவிடாமல் தாங்கி வைத்து, இரண்டு பக்கமும் இடைவெளிக்காக இருக்கும் ஸ்பேசர் வளையம் எது எந்தப் பக்கம் என்று பார்த்து எடுத்து வைக்க வேண்டும். சக்கரம் வெளியே வந்தபிறகு, வருடக்கணக்காக ரிம்மோடு ஒட்டிக் கிடக்கும் டயர் விளிம்பை அமுக்கிப் பிரிக்கும் வேலை. பார்ப்பவர்கள் லிவரைப் போட்டு நெம்புவதுதான் வித்தை என்று நினைக்கிறார்கள். வித்தை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்க விளிம்பை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கினால்தான் லிவர் பக்கம் இளகும். இது தெரியாமல் பலத்தைக் காட்டினால் எட்டாம் நம்பர் ஸ்பானர் சொன்ன இரண்டு கீறல்தான் மிச்சம்!

புது டயர் ஏறும்போது பக்கவாட்டில் இருக்கும் அம்புக்குறி காட்டும் சுழற்சித் திசையைப் பார்க்க வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அதுதான் லேசான இடம், அதை வால்வுக்கு நேராக வைப்போம். காற்று ஏறும்போது இரண்டு பக்க விளிம்பும் டப், டப் என்று உட்காரும். அந்தச் சத்தம் கேட்ட பிறகும் டயரில் ரிம்மையொட்டிச் சுற்றி ஓடும் கோடு எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் நான் விடமாட்டேன். அப்புறம் பேலன்சிங். பிறகு சக்கரத்தை மாட்டி, செயின் தளர்வு பார்த்து, ஆக்சிலை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். அந்த அளவு வண்டிக்கு வண்டி மாறும்.

கடைசியாக பிரேக் மிதியை நாலைந்து தடவை அமுக்க வேண்டும். சக்கரத்தை மாட்டும்போது பேடு விலகியிருக்கும், முதல் அமுக்கலில் பிரேக் பிடிக்காது. இதைச் செய்யாமல் வண்டியை ஓனர் கையில் கொடுத்தால் கடை வாசலிலேயே எதிலாவது போய் மோதுவார்.

கூலியில் பாதி இந்தப் பொறுப்புக்குத்தான். நான் தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், டிரம் பிரேக் வண்டி ஒன்றுக்கு டயர் மாற்றி அனுப்பினேன். சாயங்காலம் கூட்டிப் பெருக்கும்போது தரையில் ஒரு காட்டர் பின் கிடந்தது. டிரம்மை மூடியிருக்கும் பிரேக் தட்டு சக்கரத்தோடு சுழலாமல் பிடித்துக்கொள்ளும் கம்பியின் நட்டு கழலாமல் இருக்கப் போடுவது. அந்த நட்டு கழன்றால் பிரேக் அடித்த நிமிடமே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்னைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வீடு வரை ஓடினேன். நட்டு இன்னும் இருந்தது, விரலால் திருப்பினால் சுற்றியது. அன்றிலிருந்து கழற்றும் ஒவ்வொன்றையும் ஒரு தட்டில் வரிசையாக வைப்பேன், தட்டு காலியாகாமல் வண்டி வெளியே போகாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். டயரை எங்களிடம் வாங்கினால் கூலி இல்லை என்பது சும்மா கிடைப்பதல்ல, டயரில் நிற்கும் லாபத்துக்குள் அது அடங்கிவிடும். வெளியே வாங்கி வந்தால் அந்த லாபம் எங்களுக்கு இல்லை, டயரில் குறை இருந்தாலும் பழி மட்டும் எங்களுக்கு. ஆகையால் கொஞ்சம் கூட்டிக் கேட்பதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். போன் பேசிய பத்து நிமிடத்துக்கும் அவரை மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது பேலன்சிங். பழைய எடையைப் பிய்த்துவிட்டுப் புதியது போடாதது பாதி வேலை. இந்தக் கூலிக்குள் பேலன்சிங் இருக்க வேண்டும். வால்வும் அப்படித்தான். அந்த ரப்பர் துண்டின் விலை மிகச் சொற்பம், ஆனால் பின்னால் அதை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் மறுபடி டயர் விளிம்பை இறக்க வேண்டும். முழுக் கூலி வாங்கிக்கொண்டு பழைய வால்வை விட்டவர் சோம்பேறி. திரும்பிப் போய், சண்டை போடாமல், "பேலன்சிங் விட்டுப்போச்சே, இதிலேயே செய்து கொடுங்கள்" என்று கேளுங்கள்.

இன்னொன்று. டயர் பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளோடு ஆரம்பிக்கும் வரியின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2224 என்றால் 2024ஆம் வருடத்தின் 22ஆவது வாரத்தில் செய்தது. இணையத்தில் மலிவாக வருவதில் கிடங்கில் கிடந்த சரக்கும் உண்டு.

ஒற்றைச் சக்கரம் எழுதியது:

பழைய லிவர் அண்ணே சொன்னதுக்கு மேல் ஒன்றுதான். நான் சக்கரத்தை வீட்டிலேயே கழற்றி, வெறும் சக்கரமாக எடுத்துப் போவேன். கூலி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் டிஸ்க் கீழே இருக்கும்படி தரையில் போடாதீர்கள், டிஸ்க் வளைந்தால் மிச்சப்படுத்தியது எல்லாம் போய்விடும். டயருக்குள் பஞ்சர் திரவம் ஊற்றியிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒருமுறை நான் சொல்லாமல் விட்டு, அந்தப் பச்சைக் கொழகொழப்பு கடைக்காரர் சட்டை முழுக்க ஆயிற்று. துடைக்கும் கூலி தனியாக வாங்கினார், வாயே திறக்காமல் கொடுத்தேன்.

நனைந்த ஹெல்மெட் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை போய்க் கேட்டேன். முதலில் "இந்த வண்டிக்கெல்லாம் பேலன்சிங் தேவையில்லை" என்றார்கள். பசைத் தடத்தைக் காட்டினேன். பேச்சில்லாமல் சக்கரத்தைக் கழற்றினார்கள். 25 கிராம் ஒட்ட வேண்டியிருந்தது. வால்வும் மாற்றித் தந்தார்கள், அதற்கு மட்டும் தனியாகக் கொடுத்தேன். மணிக்கூலியும் கேட்டேன். கணக்குப் போட்டால் எனக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு வாங்கியிருக்கிறார்கள். இப்போது இரண்டாவது தடவை கழற்றி மாட்டியதையும் சேர்த்தால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிட்டது என்றே தோன்றுகிறது.

DOT எண்ணையும் பார்த்தேன். மூன்று வருடப் பழைய டயர். அண்ணே, இதற்கு யாரைத் திட்டுவது?

பழைய லிவர் எழுதியது:

வெயில் படாமல் கிடங்கில் ஒழுங்காக இருந்திருந்தால் ஓட்டலாம். பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு ஏதாவது தெரிகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எப்படியும் முதல் 150 கிலோமீட்டர் வளைவில் சாய்க்காமல் ஓட்டுங்கள், புது டயர் மேல்தோல் வழுக்கும்.