புதுப்பிப்பு: முதுகு மொட்டையான கோழிகள்

ஏழு கோழிகளில் இரண்டுக்கு முதுகிலும் வாலடியிலும் இறகில்லை, மற்றவை கொத்துகின்றன என்று மூன்று வாரம் முன்பு எழுதியிருந்தேன். பேன்தான் என்று அப்போது அடம்பிடித்தேன். ராத்திரி டார்ச் அடித்துக் கூண்டு இடுக்கெல்லாம் பார்த்தாச்சு, ஒன்றுமில்லை.

தப்பு என் தீனியில். வெறும் குருணையும் சோறும் போட்டால் புரதம் எங்கிருந்து வரும்? இறகே பெரும்பாலும் புரதம்தானே! இப்போது 16 சதவீதப் புரதமுள்ள முட்டைக்கோழித் தீவனம், கூடவே கரையான். கீரைக்கட்டு ஒன்றைத் தலைக்கு மேல் தொங்கவிட்டேன். கோழிகளுக்கு நாள் முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டு.

ரத்தம் கசிந்ததை மட்டும் தனியாக அடைத்து, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசினேன். முள்ளுமுள்ளாக இறகு முளைக்கிறது. அந்தக் குருத்துக்குள் ரத்தம் ஓடும், கொத்துப்பட்டால் மறுபடி கசியும். விரியும்வரை கூட்டத்தில் விடப்போவதில்லை.

கொத்துகிற கோழிகளில் கறுப்பி மட்டும் இன்னும் திருந்தவில்லை.